அம்மாவ வீட்டுல வச்சுப் பாத்துக்கறவங்களுக்கு ரேட்ஸ்ல குறைப்பு உண்டா?

2025 ஏப்ரல் 3, வந்த கேள்வி

அம்மாவுக்கு 81 வயசு, நடக்க முடியல. நான் வேலைய விட்டுட்டு கூடவே இருக்கேன். இங்கிலாந்துல இப்படி வீட்டுல வச்சுப் பாத்துக்கறவங்களுக்கு வீட்டு வரியில தள்ளுபடி உண்டுன்னு என் தங்கச்சி சொல்றா. சவுத் ஆஃப்ரிக்காவுல நம்ம ரேட்ஸ் பில்லுக்கு, அதான் முனிசிபாலிட்டி போடற வீட்டு வரிக்கு, அந்த மாதிரி ஏதாவது இருக்கா? யாருக்காவது கிடைச்சிருக்கா?

2025 ஏப்ரல் 3, ராத்திரி

அக்கா, நேராவே சொல்லிடறேன். "பாத்துக்கறவங்க"ன்ற பேருல ஒரு குறைப்பு நம்ம சட்டத்துல எழுதி வைக்கல. ரேட்ஸ் விஷயமெல்லாம் 2004ம் வருஷத்து 6ம் நம்பர் சட்டம், முனிசிபல் ப்ராப்பர்ட்டி ரேட்ஸ் ஆக்ட். அதுல 15வது பிரிவுதான் யாருக்கு விலக்கு, யாருக்குத் தள்ளுபடின்னு பேசுது. பென்ஷன், அரசாங்க கிரான்ட் இத நம்பிப் பொழைக்கிற வீட்டுக்காரங்க, ரொம்ப ஏழைங்க, தற்காலிகமா வருமானம் இல்லாதவங்க, வெள்ளம் மாதிரி அழிவு நடந்த ஏரியாவுல வீடு வச்சிருக்கறவங்க, வீட்டு மதிப்பு கம்மியா இருக்கறவங்க, நெஜமாவே விவசாயம் பண்றவங்க. இவங்க பேரெல்லாம் வருது. உங்க பேரு வரல.

ஆனா வழியே இல்லன்னு நெனச்சுடாதீங்க. வீடு அம்மா பேருல இருந்தா அவங்க பென்ஷன் வச்சு கேக்கலாம். உங்க பேருல இருந்தா வேற கதை. முதல்ல டைட்டில் டீட, அதான் வீட்டுப் பத்திரத்த, எடுத்துப் பாத்துட்டு யார் பேருன்னு சொல்லுங்க.

2025 ஏப்ரல் 4

தங்கச்சி சொன்னது சரிதான், ஆனா அது வேற மாதிரி வரி, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேணாம். அங்க கவுன்சில் டாக்ஸ்னு பேரு. வீட்டுல எத்தன பெரியவங்க இருக்காங்கன்னு எண்ணுவாங்க, அதுல சிலர எண்ணாம விட்டுடுவாங்க. வாரத்துக்கு குறைஞ்சது 35 மணி நேரம் ஒருத்தரப் பாத்துக்கிட்டு அதே வீட்டுல இருந்தா, பாத்துக்கறவர எண்ண மாட்டாங்க. பாக்கப்படறவருக்கு அதுக்குன்னு உள்ள உதவித்தொகை வந்துக்கிட்டு இருக்கணும். ஆனா புருஷன் பொண்டாட்டியப் பாத்துக்கிட்டா செல்லாது, 18 வயசுக்குக் கீழ உள்ள சொந்தக் குழந்தையப் பாத்துக்கிட்டாலும் செல்லாது. மறதி நோய் முத்திப் போனவங்களையும் டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தா எண்ண மாட்டாங்க. அப்ப மறதி வந்த அம்மாவும் பாத்துக்கற மகளும் மட்டும் ஒரு வீட்டுல இருந்தா எண்ண ஆளே இல்ல, பில்லுல பாதி போயிடும், 50%. கூட மருமகன் இருந்தா ஒரு ஆள் எண்ணிக்கைக்கு வந்துடுவாரு, 25% போகும். இதுக்கு சம்பளம் எவ்வளவு, பேங்க்ல எவ்வளவுன்னு பாக்கறது இல்ல. அதான் எனக்கு ரொம்ப புடிச்சது.

நம்ம ரேட்ஸ் ஆள எண்ணாது. மார்க்கெட் மதிப்பப் பாக்கும், ஓனர் பேரப் பாக்கும். அதனால அங்க உள்ளத அப்படியே தூக்கி இங்க வைக்க முடியாது.

2025 ஏப்ரல் 9

கேட்ட அக்கா டீட் பாத்துட்டாங்க, வீடு அவங்க பேருலயே இருக்காம், 2011லயே அம்மா எழுதிக் குடுத்துட்டாங்களாம். இப்ப பாருங்க விஷயத்த. அம்மா பென்ஷன் வாங்கறாங்க, ஆனா ஓனர் இல்ல. இவங்க ஓனர், ஆனா வயசு 54, பென்ஷன் இல்ல. ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தும் பென்ஷன் தள்ளுபடி ரெண்டு பேருக்குமே கிடையாது.

அக்கா, உங்களுக்கு உள்ள கதவு "தற்காலிகமா வருமானம் இல்லாதவங்க"ன்ற வகை. 15வது பிரிவுல இருக்கு. ஆனா சட்டம் "குடுக்கலாம்"னுதான் சொல்லுது, குடுத்தே ஆகணும்னு சொல்லல. உங்க ஊரு முனிசிபாலிட்டி ரேட்ஸ் பாலிசியில அந்த வகைய சேத்திருக்கான்னு பாருங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்னு சொல்ற மாதிரிதான். பாலிசிய வெப்சைட்ல போட்டே ஆகணும், ஆபீஸ்லயும் வச்சிருக்கணும், கேட்டு வாங்கிப் படிங்க, யாரோ சொன்னாங்கன்னு விட்டுடாதீங்க.

2025 ஏப்ரல் 10

நேத்து விட்டுப் போச்சு. கூட்டு வருமானம்னு ஒண்ணு இருக்கு, அதுதான் பாத்துக்கற புள்ளைங்க காலு வழுக்கற இடம். கேப் டவுன்ல வயசானவங்க தள்ளுபடிக்கு மொத்தக் குடும்பத்தோட மாச வருமானத்தப் பாக்கறாங்க. அம்மா தனியா இருந்த வரைக்கும் அவங்க பென்ஷன் மட்டும் கணக்கு. மகன் வேலை பாத்துக்கிட்டே அம்மா வீட்டுக்குக் குடி வந்து ராத்திரியெல்லாம் முழிச்சுப் பாத்துக்கறான்னு வைங்க, அவன் சம்பளமும் கணக்குல ஏறிடும். தள்ளுபடி கொறையும், இல்ல போயே போயிடும். பாத்துக்க வந்ததுக்கே தண்டனை மாதிரி ஆகுது. இத நெனச்சா எனக்கு வயிறு எரியுது.

2025 ஏப்ரல் 12

டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு தம்பி, விலக்கு, ரிபேட், ரிடக்ஷன் எல்லாம் ஒண்ணுதானேன்னு கேட்டிருக்காரு. நானும் மேல தள்ளுபடி தள்ளுபடின்னே எழுதிட்டேன், தப்பு. சட்டத்துல மூணும் தனித்தனி. விலக்குன்னா ரேட்ஸே இல்ல. ரிபேட்னா கட்ட வேண்டிய தொகையில கழிவு. ரிடக்ஷன்னா வீட்டோட மதிப்பையே கொறச்சு வச்சு அதுக்கு மேல ரேட்ஸ் போடறது. ஃபார்ம்ல எதுக்கு டிக் போடறோம்னு தெரிஞ்சு போடுங்க. இது எதுவும் கேக்காமலே எல்லா குடியிருப்பு வீட்டுக்கும் மதிப்புல முதல் 15,000 ராண்டுக்கு ரேட்ஸ் போடக் கூடாதுன்னு 17வது பிரிவுலயே இருக்கு, அதுக்கு மேல எவ்வளவு விடறதுன்னு ஒவ்வொரு ஊரும் தானே முடிவு பண்ணிக்குது.

2025 ஏப்ரல் 21

எங்க வீட்டுக் கதைய சொல்றேன்னு சொல்லி சொல்லி தள்ளிப் போட்டுட்டேன். மாமியாருக்கு இப்ப 83. பாத்துக்கறது நான் மட்டும் இல்ல, நெஜமா சொன்னா நாத்தனார்தான். கல்யாணம் பண்ணிக்கல, துணிக்கடையில 22 வருஷம் வேலை, அத விட்டுட்டு அம்மா கூட டர்பன்ல சாட்ஸ்வொர்த் வீட்டுல. நான் ரெண்டு தெரு தள்ளி, சாயந்தரம் போவேன், ஞாயித்துக்கிழமை முழுக்க போவேன்.

2023ல, மறதி ஆரம்பிச்ச புதுசு, பென்ஷன் ரிபேட்டுக்கு ஃபார்ம் போட்டோம். அஃபிடவிட், அதான் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கற காகிதம், வேணும், போலீஸ் ஸ்டேஷன்ல காசு வாங்காம கையெழுத்து வச்சுக் குடுப்பாங்க, அங்க கூட்டிட்டுப் போனோம். அந்த நீல மர பெஞ்சுல உக்காத்தி வச்சு பேனாவ கையில குடுத்தேன். மாமியார் ரொம்ப நேரம் காகிதத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் குனிஞ்சு, மெதுவா, ஒவ்வொரு எழுத்தா, தமிழ்ல பேர எழுதினாங்க. சுழி போட்டு, புள்ளி வச்சு, அழகா. சின்ன வயசுல கேட்டோ மேனர்ல சாயங்காலத் தமிழ் ஸ்கூல்ல கத்துக்கிட்டது. அறுபது வருஷமா பேங்க்ல, பென்ஷன் க்யூல எல்லாம் போட்ட இங்கிலீஷ் கையெழுத்து சுத்தமா மறந்து போச்சு, இது மட்டும் கையில நின்னுடுச்சு. போலீஸ்காரம்மா இது என்ன லாங்வேஜ், ரொம்ப அழகா இருக்கேன்னு கேட்டாங்க. நாத்தனார் வெளிய போய் அழுதுட்டு வந்தா.

முனிசிபாலிட்டி கவுண்டர்ல அத வாங்கல. ஐடியில உள்ள கையெழுத்து மாதிரி இல்லயாம். ரெண்டாவது தடவ பெருவிரல் ரேகை வச்சு எடுத்துட்டுப் போனோம்.

2025 ஏப்ரல் 22

ரெண்டாவது தடவையாவது கிடைச்சுதான்னு நாலு பேரு கேட்டுட்டீங்க. கிடைக்கல. அது கையெழுத்துனால இல்ல, பெரிய தப்பு எங்க மேலதான். தனியா எழுதறேன், இன்னிக்கி மாமியாருக்கு காய்ச்சல்.

2025 ஏப்ரல் 27

அதுக்கு முன்னாடி ஒரு அவசரமான விஷயம், தேதி போயிடும். முனிசிபாலிட்டி வருஷம் ஜூலை 1ல ஆரம்பிக்குது. பட்ஜெட் டிராஃப்ட 90 நாள் முன்னாடியே வச்சிருக்கணும், கூடவே ரேட்ஸ் பாலிசியும் வருஷா வருஷம் திரும்பப் பாக்கணும், மக்கள் கருத்து சொல்ல குறைஞ்சது 30 நாள் குடுக்கணும். இதெல்லாம் அவங்க பெரிய மனசு பண்ணி குடுக்கறது இல்ல, சட்டம். அப்ப ஏப்ரல், மே மாசம்தான் நம்ம வாய தொறக்க வேண்டிய நேரம். ஜூலையில பில்லப் பாத்துட்டு கத்தி பிரயோஜனம் இல்ல.

15வது பிரிவ நல்லா கவனிங்க, வகைகள்ல இவங்கல்லாம் "அடங்கலாம்"னுதான் இருக்கு. இவங்க மட்டும்தான்னு மூடி வைக்கல. அதனால வீட்டுல முடியாதவங்கள முழு நேரம் பாத்துக்கற ஓனருங்கன்னு ஒரு புது வகைய கவுன்சில் சேக்கணும்னா சட்டம் குறுக்க நிக்காது. நான் ஒரு பக்கத்துல எழுதி அனுப்பிட்டேன், வார்டு கவுன்சிலருக்கும் ஒரு காப்பி. ரெண்டே கோரிக்கை. ஒண்ணு, அந்தப் புது வகை. ரெண்டு, பாத்துக்கறதுக்காகக் குடி வந்த புள்ளையோட சம்பளத்த குடும்ப வருமானத்துல சேக்கக் கூடாது. கோயில்ல வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்தவங்ககிட்ட படிச்சுக் காட்டினேன், 11 பேரு அவங்கவங்க பேருல தனித்தனியா அனுப்பறேன்னு வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஒரே கடுதாசியில நூறு கையெழுத்த விட தனித்தனி கடுதாசி நல்லதுன்னு என் நெனப்பு.

2025 மே 6

சரி, எங்க தப்பு. கவுண்டர்ல கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்துட்டு "ஓனர் இவங்க இல்லையே"ன்னாங்க. வீட்டுக்கு வந்து மாமியாரோட பேக்கர்ஸ் பிஸ்கட் டின்ன தொறந்தோம். கல்யாண போட்டோ, மாமாவோட பஸ் பாஸ், கற்பூரம் பாக்கெட், அடியில டைட்டில் டீட். மாமா பேரு மட்டும்தான். அவரு போயி அப்பவே ஒம்போது வருஷம். யாரும் எஸ்டேட் திறக்கல, அதாவது செத்தவர் சொத்த வாரிசுங்க பேருக்கு மாத்தற வேலைய ஆரம்பிக்கல. வீடு அம்மாவோடதுதானேன்னு எல்லாரும் மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டு சும்மா இருந்துட்டோம். வெளி ஆள் யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஒருத்தர் போயிட்டா 14 நாளுக்குள்ள மாஸ்டர் ஆஃப் தி ஹைகோர்ட்டுக்கு, அதான் செத்தவங்க சொத்து விஷயத்த கவனிக்கற அதிகாரிக்கு, தெரிவிக்கணும், நாங்க பண்ணல.

அதுக்கு மேல இன்னொண்ணு. மாமாவும் மாமியும் கோயில்ல தாலி கட்டி கல்யாணம், ரெஜிஸ்டர் பண்ணவே இல்ல. அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க எத்தன பேரு இப்படி. அப்ப இவங்க சட்டப்படி மனைவியான்னு நாத்தனார் பயந்தே போயிட்டா. பயப்பட வேணாம். 2008ல டர்பன் ஹைகோர்ட் ஒரு பொண்ணோட கேஸ்லயே தீர்ப்பு குடுத்துடுச்சு, இந்து முறைப்படி மட்டும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மனைவியும் உயில் இல்லாம போனவரோட சொத்துக்கு மனைவிதான்னு. உயில் இல்லன்னா மனைவிக்கு 250,000 ராண்ட் இல்ல ஒரு புள்ளையோட பங்கு, இதுல எது கூடவோ அது. மிச்சம் புள்ளைங்களுக்கு. இத இங்க எழுதறதே, இதே மாதிரி டின்னுக்குள்ள டீட வச்சுக்கிட்டு சும்மா இருக்கற வீடு இன்னும் எத்தனையோ இருக்கும்னு எனக்குத் தெரியும்ன்றதாலதான்.

2025 மே 8

பவர் ஆஃப் அட்டார்னி எழுதி வாங்கிட்டா போதாதான்னு டோங்காட்ல இருந்து ஒரு அண்ணன். அண்ணே, இத கொஞ்சம் பெரிய எழுத்துல வச்சுக்கோங்க. நம்ம நாட்டுல பவர் குடுத்தவருக்கு புத்தி தெளிவு போயிட்டா அந்தப் பவரும் அன்னிக்கே செத்துடும். இங்கிலாந்துல அப்படி இல்ல, அங்க மறதி வந்த பிறகும் நிக்கற மாதிரி ஒரு பவர் உண்டு, அதப் பாத்துட்டு இங்கயும் அப்படித்தான்னு நம்ம ஆளுங்க நம்பிக்கிட்டு இருக்காங்க. இங்க மறதி வந்த பிறகு அவங்க சொத்த பாத்துக்க ஹைகோர்ட்ல ஒரு ஆள, க்யூரேட்டர்னு, போடணும், அதுக்கு வக்கீல் செலவு தாங்காது. இல்லன்னா 2002ம் வருஷத்து மென்டல் ஹெல்த் கேர் ஆக்ட் வழியா மாஸ்டர்கிட்ட அதே வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்னு ஒரு ஆளக் கேக்கலாம், டாக்டர் ரிப்போர்ட் வேணும், கோர்ட்டு அளவுக்கு செலவு இல்ல. நாங்க இந்த வழியிலதான் போறோம்.

ரேட்ஸ் சட்டத்துல ஓனர்னா யாருன்றதுக்கும் ஒரு லிஸ்ட் இருக்கு. செத்தவர் சொத்துன்னா எக்ஸிக்யூட்டர, அதான் அந்த சொத்தப் பிரிச்சுக் குடுக்கப் போட்ட ஆள, ஓனரா எடுத்துக்கலாம். க்யூரேட்டர் இருந்தா அவர எடுத்துக்கலாம். டிரஸ்ட்னா டிரஸ்டி. அனுபவ உரிமை, வக்கீலுங்க யூசுஃப்ரக்ட்னு சொல்றது, அது யார் பேருல பதிஞ்சிருக்கோ அவங்கள எடுத்துக்கலாம்.

2025 மே 9

அந்த கடைசி வரிய நேத்து அவசரத்துல எழுதிட்டுப் போயிட்டேன், ராத்திரி படுத்தா தூக்கம் வரல, அதுதான் இந்தப் பேச்சுலயே முக்கியம். கேட்ட அக்கா மாதிரி அம்மா வீட்ட மகளுக்கு எழுதி வச்சாங்க இல்ல, அப்பவே அம்மா உசிரோட இருக்கற வரைக்கும் அனுபவ உரிமை அம்மாவுக்குன்னு டீட்ல பதிஞ்சிருந்தா, வீடு மகளோடது, ஆனா ரேட்ஸுக்கு அம்மாவ ஓனரா எடுத்துக்க வழி இருந்திருக்கும், பென்ஷன் ரிபேட் கேட்டிருக்கலாம். இதையே வேற மாதிரி மாத்தியும் பண்ணலாம். நாலு புள்ளைங்கள்ல ஒருத்திதான் பாத்துக்கறான்னா, அவ உசிரோட இருக்கற வரைக்கும் அந்த வீட்டுல குடியிருக்கற உரிமைய அவளுக்குப் பதிஞ்சு வச்சுட்டு வீட்ட நாலு பேருக்கும் எழுதலாம். அம்மா போன மறுமாசமே அண்ணன் தம்பி சேந்து வித்துட்டு அவள வாடகை வீட்டுக்கு அனுப்ப முடியாது. எங்க மாமா ஒரு பக்கம் உயில் எழுதியிருந்தா என் நாத்தனாருக்கு இந்த 58 வயசுல இப்படி ஒரு பயம் இருந்திருக்காது.

புத்தி தெளிவா இருக்கறப்பவே பண்ணணும். சாவப் பத்திப் பேசறதா நெனச்சு வாயப் பொத்தாதீங்க.

2025 ஜூன் 14

ரேட்ஸ் இல்ல, ஆனா பக்கத்து விஷயம், பாதிப் பேருக்குத் தெரியல. முதியோர் கிரான்ட் 2025 ஏப்ரல் கணக்குல 2,315 ராண்ட், 75 வயசு தாண்டினா 2,335. இது வாங்கறவங்களுக்கு இன்னொருத்தர் துணை எப்பவும் வேணும்னா அதுக்கு மேல கிரான்ட் இன் எய்ட்னு ஒண்ணு உண்டு, 2025 ஏப்ரல் கணக்குல 560 ராண்ட். சாசாவுல, அதான் கிரான்ட் குடுக்கற அரசாங்க ஆபீஸ்ல, தனியா அப்ளை பண்ணணும், தானா வராது, டாக்டர் ரிப்போர்ட் வேணும். பாத்துக்கறவங்களுக்குன்னு ஒதுக்கின காசு, ஆனா பென்ஷன்காரங்க பேருலதான் வரும். மாமியாருக்கு வந்துடுச்சு, மொத்தம் 2,895. அடல்ட் நாப்கின்னுக்கே பாதி போகுது, இருந்தாலும் அது வந்த அன்னிக்கி நாத்தனார் தனக்குன்னு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கிட்டா, ரெண்டு வருஷத்துல முதல் தடவ.

18 வயசுக்குக் கீழ கடுமையான ஊனம் உள்ள புள்ளைய வீட்டுல வச்சுப் பாக்கறவங்களுக்கு கேர் டிபென்டன்சி கிரான்ட் உண்டு, அதுவும் 2025 ஏப்ரல் கணக்குல 2,315.

2025 ஜூலை 11

புது வருஷ பில் வந்துடுச்சு. புது பாலிசிய படிச்சேன், நாங்க கேட்ட வகை இல்ல. கருத்து கிடைச்சுதுன்னு ஒரு வரி பதில் மட்டும் வந்தது. அடுத்த ஏப்ரல்ல திரும்ப அனுப்புவேன், அந்த 11 பேரு கடுதாசியும் என்கிட்ட காப்பி இருக்கு.

வீட்டு மதிப்பு ஏறிப் போச்சுன்னு புலம்பறவங்களுக்கு: மெட்ரோ ஊருங்கள்ல, அதான் பெரிய மாநகரங்கள்ல, நாலு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மதிப்பு போடணும். புது லிஸ்ட் வந்தா ஆட்சேபம் சொல்ல குறைஞ்சது 30 நாள் உண்டு. ஆட்சேபம் போட்டுட்டா பில் கட்ட வேணாம்னு நெனக்காதீங்க, கட்டிக்கிட்டேதான் இருக்கணும். பாக்கி வச்சா அப்புறம் எஸ்டேட்ல வீட்ட மாத்தறப்ப ரேட்ஸ் கிளியரன்ஸ் சர்ட்டிபிகேட் கிடைக்காது, ரெண்டு வருஷத்துப் பாக்கிய தீத்தாத்தான் குடுப்பாங்க. எங்களுக்கு அந்த ஒரு விஷயத்துல மட்டும் கஷ்டம் இல்ல, மாமா போன நாள்ல இருந்து நாத்தனார் ஒரு மாசம் கூட விடாம கட்டி ரசீத ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கா.

2025 ஆகஸ்ட் 3

ஆடிக் கூழ் ஊத்திட்டு வந்து எழுதறேன், கை வலிக்குது. கேட்ட அக்காவுக்கு அவங்க ஊருல "தற்காலிகமா வருமானம் இல்லாதவங்க" வகை பாலிசியில இருந்திருக்கு, ஃபார்ம் போட்டாங்க, 12 மாசத்துக்கு ரிபேட் குடுத்துட்டாங்க! வேலைய விட்ட லெட்டர், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், அஃபிடவிட், இவ்வளவுதான் கேட்டாங்களாம். ஏப்ரல் 3ம் தேதி ராத்திரி நான் எழுதினதுல அந்த வகை லிஸ்ட்ல இருந்துச்சு, ஆனா இது உங்களுக்கு ஆகும்னு ஆறு நாள் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது.

2025 செப்டம்பர் 19

மாமா எஸ்டேட்டுக்கு நாத்தனார எக்ஸிக்யூட்டரா போட்டு லெட்டர் வந்துடுச்சு. மாமியாருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் ஃபைல் இன்னும் நடக்குது. வக்கீல்கிட்ட போயிட்டு வந்து டீட திருப்பி அதே டின்னுல வச்சோம், மாமியார் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க, "கேட்டோ மேனர் வீட்டு பத்திரமா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னு சொன்னேன். "வாழ மரத்துக்கு தண்ணி ஊத்தினியா"ன்னாங்க.

ரிபேட் ஃபார்ம திங்கக்கிழமை நாத்தனார் பேருல, எக்ஸிக்யூட்டர்னு போட்டு, குடுக்கறோம். கூட வைக்கறது: எக்ஸிக்யூட்டர் லெட்டர் காப்பி, மாமாவோட டெத் சர்ட்டிபிகேட், மாமியார் ஐடி, பென்ஷன் ஸ்லிப், டாக்டர் ரிப்போர்ட், மூணு மாச பில். எல்லாத்துலயும் சர்ட்டிஃபைட் ஸ்டாம்ப். யாராவது எக்ஸிக்யூட்டர் பேருல போட்டு வாங்கியிருந்தா கூட என்ன வச்சீங்கன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.